மடைக்குக் கீழே வெட்டிய குழி

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஒரு குழி இருக்கிறது. நூறு நாள் வேலை வந்து நாலைந்து வருடம் கழித்து வெட்டியது. நடு மடைக்கு நேர் எதிரே, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் ஆள் ஆழம். சித்தி இன்றைக்கும் அதை "எங்க குழி" என்றுதான் சொல்வார். நாற்பது பெண்கள் மூன்று வாரம் மம்பட்டி பிடித்து, சட்டி சட்டியாகச் சுமந்து கரைமேல் கொட்டிய மண். கண்மாய் பெருகும்போது முதலில் நிறைவது அந்தக் குழி, வற்றும்போது கடைசியாக வற்றுவதும் அதுதான். மாடுகள் குடிக்கும். பையன்கள் கெளுத்தி பிடிப்பார்கள். ஆனால் வயலுக்கு அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகாது. மடையின் அடிமட்டத்துக்கும் கீழே இருக்கிற தண்ணீர் எப்படி மடை வழியே வெளியேறும்?

வெட்டும்போதே எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி இதைச் சொன்னாராம். மடையைத் திறந்து அடைத்து, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். "இங்க வெட்டுனா மாட்டுக்கு ஆகும், நெல்லுக்கு ஆகாது. வரத்துக்கால வெட்டுங்க" என்றிருக்கிறார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய்தான் வரத்துக்கால். வந்திருந்த ஓவர்சியர் கெட்டவர் இல்லை, பொறுமையாகவே பதில் சொன்னாராம்: "எஸ்டிமேட் இப்படித்தான் போட்டிருக்கு பெரியவரே."

இந்த ஒரு பதிலைப் பல வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப ஊரகத் திட்டங்களை மாற்ற வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். பேச்சு எங்கோ மேலே போய்விடுகிறது. எனக்கு அது இந்தக் குழியில் வந்து நிற்கிறது.

இளையான்குடிக்கும் பரமக்குடிக்கும் நடுவில், வைகைப் பாசனத்தின் கடைசியில் இருக்கிற ஊர் எங்களுடையது. வைகைத் தண்ணீர் எங்களை எட்டிப் பார்ப்பது அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். கண்மாய் ஒரு தடவை முழுதாகப் பெருகினால் தை, மாசியில் அறுப்பு உண்டு. பெருகாவிட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

சிவகங்கை மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை முதல் சுற்றிலேயே வந்துவிட்டது. 2005-இல் சட்டம், 2006 பிப்ரவரியில் நாடு முழுக்க 200 மாவட்டங்களில் தொடக்கம், அதில் தமிழ்நாட்டில் 6. அப்போது கூலி 80 ரூபாய். அம்மா கையில் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு அட்டையும், தான் மட்டும் எண்ணிப் பார்க்கிற பணமும் வந்தது. இதைச் சொல்லாமல் திட்டத்தின் குறைகளை எழுத எனக்கு மனம் வராது. "மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிற வேலை" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. வைகாசி வெயிலில் கண்மாய் உள்வாயில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

பஞ்சத்துக்கு எதிராக வேலை கொடுப்பது புதிய யோசனை இல்லை. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, பட்டினி கிடந்தவர்களை வைத்துத்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி நிர்ணயித்த கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கிற உடம்புக்கு அது போதுமா என்று அப்போதே சண்டை நடந்தது. நூறு வருடம் கழித்து மகாராஷ்டிரத்தில் 1972 வறட்சி வந்தபோது, அந்த மாநில மேலவைத் தலைவர் வி.எஸ். பாகே முன்வைத்த யோசனையைக் கையில் எடுத்து வேலை உறுதித் திட்டத்தை விரித்தார்கள். 1977-இல் அது மாநிலச் சட்டமானது. கேட்டால் வேலை கொடுத்தாக வேண்டும் என்று அரசைக் கட்டிப்போட்ட ஏற்பாடு அது. நம்முடைய நூறு நாள் வேலைக்கு அதுதான் தாய்.

ஆக இந்தத் திட்டமே வறட்சியின் வயிற்றில் பிறந்ததுதான். அதற்குள் பருவநிலையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. நீர் சேமிப்பு, பாரம்பரிய நீர்நிலைகளைப் புதுப்பித்தல், மரம் நடுதல், நிலச் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு எல்லாம் முதல் நாளிலிருந்தே சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என்.எச். ரவீந்திரநாத்தும் கூட இருந்தவர்களும் கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் கிராமங்களில் பார்த்து 2013-இல் எழுதினார்கள்: இந்த வேலைகளால் நிலத்தடி நீரும் மண்ணின் வளமும் கூடின, வறட்சியில் ஆட்டம் காண்பது குறைந்தது. நம்பும்படியாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரிய வருடம் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறியதை நானே பார்த்தேன்.

பட்டியல் சரியாக இருந்தும் குழி தப்பான இடத்தில் விழுந்தது. மழை மாறிவிட்டதை எஸ்டிமேட் அறியாததுதான் காரணம்.

அப்பத்தா காலத்தில் ஐப்பசி அடைமழை என்றால் நாள் கணக்கில் நசநசவென்று பெய்யும். வரத்துக்கால் மெல்ல மெல்லக் கொண்டுவந்து சேர்க்கும். கால்வாய் பாதி தூர்ந்திருந்தாலும் பரவாயில்லை, நேரம் இருந்தது. இப்போது அப்படிப் பெய்வதில்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அறிவித்தார்கள். ஏழு வருடம்கூட ஆகவில்லை, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் குளங்கள் வரிசையாக உடைந்தன. தெற்கே நாலு மாவட்டம் மூழ்கிக் கிடந்தபோது எங்கள் கண்மாய் தப்பியதற்கு ஒரே காரணம், அந்த மேகம் எங்களுக்கு வரவில்லை என்பதுதான்.

மழை இப்படி வந்தால் கண்மாயில் எந்த உறுப்பு முக்கியம்? உள்வாயில் இன்னொரு குழி வெட்டுவது கடைசி வேலை. இருபது நாளில் வர வேண்டிய தண்ணீர் இரண்டு நாளில் வருகிறது. அதை வாங்கிக் கொண்டுவர வரத்துக்கால் அகலமாக, அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். நிறைந்து வழிவதை வெளியே விட கலுங்கு உறுதியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே மறுகால் ஓடி அடுத்த கண்மாய்க்குப் போய்ச்சேர வழி இருக்க வேண்டும். கரையில் எலிவளை, நண்டுவளை, ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த தடம் எல்லாம் மண்வைத்து அடைத்திருக்க வேண்டும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மருந்து இது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அவை தனித்தனியாக இல்லை. ஒன்றின் மறுகால்தான் அடுத்ததன் வரத்து. மேலே ஒருவன் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கினால் கீழே ஒருவன் காய்வான், அல்லது அந்தக் கரை உடைந்து இவனும் சேர்ந்து போவான்.

இங்கேதான் திட்டம் தடுக்கிறது. நூறு நாள் வேலையின் அலகு ஊராட்சி. எங்கள் வரத்துக்கால் மூன்று ஊராட்சி தாண்டி வருகிறது. நடுவில் இருக்கும் ஊருக்கு அந்தக் கால்வாயால் லாபம் இல்லை. அவர்கள் கிராம சபையில் அதை வெட்டு என்று யார் தீர்மானம் போடுவார்கள்? போதாததற்கு, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன வயல், உள்ள கண்மாய் பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே இருப்பது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே சங்கிலியில் ஒரு கண்ணி அவர்களிடம், ஒரு கண்ணி இவர்களிடம்.

அப்புறம் பொருள் செலவு. மொத்தச் செலவில் 60 சதவீதமாவது கூலியாகப் போக வேண்டும், சிமென்ட், கல், கம்பி எல்லாம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. நல்ல விதி. அது இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர்கள் திட்டத்தை எப்போதோ விழுங்கியிருப்பார்கள். ஆனால் கலுங்கைச் செப்பனிட சிமென்டும் கொத்தனாரும் வேண்டும், பில் பாஸாக மாதக்கணக்கில் ஆகும். மண் வேலைக்கு எதுவும் வேண்டாம். நீளம், அகலம், ஆழம் பெருக்கினால் கன மீட்டர், அதை ஆள் நாளால் வகுத்தால் கணக்கு முடிந்தது. அதனால் குழி வெட்டுவது எல்லோருக்கும் சௌகரியம். அலுவலகத்துக்கும்தான்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்மாய்க்குள் அதை வெட்டுவது நூறு நாள் வேலையில் வருடா வருடம் வருகிற பாட்டு. நீதிமன்றம் வரை போன மரம். தூரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு பங்காகத் துளிர்க்கும். எல்லோரும் திட்டுவதைப் போல என்னால் அதைத் திட்ட முடியாது. 2016-17-இல் எங்கள் ஊரில் பல வீடுகளில் உலை கொதித்தது அந்த மரத்தைக் கரி மூட்டம் போட்டு விற்ற காசில். வறட்சியைத் தாங்கும் வழி என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் அது இருக்காது. அதை எடுக்கிறோம் என்றால், மழை தவறுகிற அடுத்த வருடத்தில் அந்த வீடுகளுக்கு என்ன என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

அடுத்தது காலண்டர். கண்மாய் வேலைக்கு ஏற்ற காலம் பங்குனியிலிருந்து ஆடி வரை. வற்றிக் கிடக்கும், மண் காய்ந்திருக்கும். ஆனால் அதுதான் உடம்பு தாங்காத காலமும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறவர்கள். வேலைத்தளத்தில் நிழல், குடிநீர், முதலுதவி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. தளத்தில் நான் பார்த்த நிழல், கருவேல மரத்தின் சல்லடை நிழல்தான்.

முன்பெல்லாம் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் இறங்கி, வெயில் ஏறுமுன் அன்றைய அளவை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பருவநிலைத் தகவமைப்பு என்றால் இதைவிட என்ன வேண்டும்? யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அவர்களாகச் செய்தது. 2023 ஜனவரியிலிருந்து எல்லாத் தளத்திலும் செல்பேசிச் செயலியில் இரண்டு தடவை படம் பிடித்து வருகை பதிய வேண்டும் என்றாகிவிட்டது. காலையில் ஒரு படம், சில மணி நேரம் கழித்து இன்னொன்று. வேலை முடிந்த பிறகும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக்கிடக்கிறார்கள். முறைகேட்டைத் தடுக்க வந்தது என்று தெரியும், தடுக்க வேண்டியதும்தான். ஆனால் அந்த விதியை எழுதும்போது மே மாதத்துக் கண்மாயை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பணித்தளப் பொறுப்பாளரான பெண் ஒரு நாள் சொன்னார்: "சிக்னல் கெடைக்கிற மேட்டுல ஏறி நிக்கணும்ணே. அங்க மட்டும் ஒரு மரமும் இல்ல."

வறட்சி அறிவித்தால் கூடுதலாக 50 நாள் வேலை தரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 2017-இல் அப்படித்தான் 150 நாள் வந்தது. பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் பயிர் கருகி, அதிகாரிகள் வந்து பார்த்து, அறிவிப்பு வந்து, பணம் இறங்கிய பிறகுதான் அந்த நாட்கள் வரும். மழை பொய்க்கும் என்று ஐப்பசிக் கடைசியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போதே ஒரு பத்து நாள் வேலையைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்பிவிட்டால், மார்கழியில் பெய்கிற ஒரு தூறல் தண்ணீராவது அதில் தேங்கும். கிழக்கே குண்டு மிளகாய் போடுகிறவர்களைக் கேளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. மானாவாரிதான், ஆனாலும் காய்க்கிற சமயத்தில் ஒரே ஒரு தடவை தண்ணீர் கட்ட முடிந்தால் விளைச்சலே வேறு. அந்த ஒரு தண்ணீருக்குக் குட்டை போதும்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. ராமநாதபுரத்திலும் திருவண்ணாமலையிலும் ஜெர்மனியின் ஜிஐஇசட் நிறுவனத்தோடு சேர்ந்து, செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்து ஊராட்சி வாரியாக நீர்வளத் திட்டம் போட்டார்கள். ஊராட்சி எல்லையை மட்டும் பார்க்காமல் தண்ணீர் ஓடும் எல்லையையும் பார்த்து, எந்த இடத்தில் எந்த வேலை என்று குறிக்கிற முறை. வேலூரில் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஓடையோரமாக மீள்நிரப்புக் கிணறுகள் இறக்கி நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்த கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஊர்க்காரர்களே கண்மாயைச் செப்பனிடுகிற பழைய வழக்கத்தின் பெயரில் 2017-இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் முதல் கட்டத்தில் 1,519 வேலைகளை எடுத்தது. ஆயக்கட்டுக்காரர்களும் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்றது. பழைய குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்குவான், புதியதில் பல இடங்களில் பொக்லைன் இறங்கியது. கையால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு திட்டம், இயந்திரத்துக்கு ஒரு திட்டம், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. பொக்லைன் கரையை உயர்த்திவிட்டுப் போன இடத்தில் ஆட்கள் இறங்கித் தட்டிக் கெட்டித்து, சரிவில் புல் பதித்திருந்தால் அந்தக் கரை நின்றிருக்கும். அது நடக்கவில்லை. அடுத்த மழையில் எங்கள் பக்கத்து ஊர்க் கரை மண் கரைந்து மடைக்குள்ளேயே வந்து விழுந்தது.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. 100 நாள் 125 ஆகிறது. நீர்ப் பாதுகாப்பு முதல் வகை வேலை, தீவிர வானிலையின் பாதிப்பைத் தணிக்கும் வேலை தனி வகை. காகிதத்தில் பருவநிலை உள்ளே வந்துவிட்டது. கூடவே வேறு சிலதும் வந்திருக்கின்றன. முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது, இனி மாநிலம் நூற்றுக்கு 40 பங்கு போட வேண்டும். விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். மழை வந்தால் விதைப்பு, வராவிட்டால் வெறும் காடு என்கிற எங்கள் ஊரில், விதைப்புக் காலம் என்று தேதி போட்டு நிறுத்துவதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மழை பொய்த்த புரட்டாசியில் பண்ணையார் வேலையும் இருக்காது, அரசு வேலையும் இருக்காது.

சரி, நான் செய்ய முயன்ற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஊரில் அடுத்த வருட வேலைப் பட்டியலைத் தீர்மானிப்பது அக்டோபர் 2 கிராம சபையில். அப்போது கண்மாய் காய்ந்து கிடக்கும். கரை எங்கே கசிகிறது, வரத்துக்காலில் தண்ணீர் எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதெல்லாம் தண்ணீர் நிற்கும் கார்த்திகை, மார்கழியில்தான் கண்ணுக்குத் தெரியும். அடுத்த அக்டோபருக்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதனால் போன மார்கழியில் நீர்ப்பாய்ச்சியையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு கரையில் நடந்தேன். நீர்ப்பாய்ச்சிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கைத்தடியால் குத்திக் குத்திக் காட்டினார். கசிவு இரண்டு இடம். கலுங்கின் வடக்குச் சிறகில் ஒரு வெடிப்பு. வரத்துக்காலில் நாலு அடைப்பு, அதில் ஒன்று பக்கத்து ஊராட்சி எல்லைக்குள். நான் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு இடத்திலும் சித்தி ஒரு கல் நட்டார்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் இப்போது கிராம சபை உண்டு. அங்கே அந்த நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, நீளம் அகலம் ஆழம் போடலியே? அளவு இல்லாம எஸ்டிமேட் எப்படி ஏத்துறது?"

என்னிடம் இடம் இருந்தது, அளவு இல்லை. நீர்ப்பாய்ச்சி ஒன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்திதான் பின்னாலிருந்து சொன்னார்: "குழிக்கு மட்டும் பதினஞ்சு வருசமா அளவு எடுத்தோம்ல, இதுக்கு எடுக்கத் தெரியாதா? ஞாயித்துக்கெழம வேல இல்ல. கயிறு நான் எடுத்துட்டு வர்றேன்."